கடலில் நனையாத முத்திரை

ஸ்டாம்ப் ஒட்டியிருந்ததுதான் தப்பு.

லென்ஸம்மா அந்தக் கவரை மேஜை விளக்குக்கு அடியில் பிடித்து, திருப்பி, மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். கவரின் உடம்பெல்லாம் தண்ணீர்க் கறை. ஓரங்கள் பழுப்பேறி விறைத்திருந்தன. நடுவில் ஒரு பெண்ணின் பெயரும் முகவரியும். வலது மூலையில் கலங்கரை விளக்கம் போட்ட நீல ஸ்டாம்ப். அதன்மேல் பாதியும் தாளின்மேல் பாதியுமாக, துறைமுகத் தபால் நிலையத்தின் வட்ட முத்திரை. உள்ளே காகிதம் எதுவும் இல்லை.

"எங்கண்ணன் கையெழுத்து," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரி. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தவள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "போன மழைக்காலத்துல இதே நாற்காலியில உக்காந்து அழுதேனே, ஞாபகம் இருக்கா? ஒண்ணும் மிஞ்சலைன்னு சொன்னீங்க. நான் கோவிச்சுக்கல. ஆனா பாருங்க, எழுதியிருக்கான். கரையேறினதும் எழுதறேன்னு சொன்னவன், எழுதித்தான் இருக்கான்."

லென்ஸம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. பழைய தபால் கவர்களின் பூர்வீகத்தைத் தேடிக் கொடுப்பது அவள் தொழில். யார் யாருக்கு எழுதியது, எந்த ஊரில் தூங்கியது, ஏன் திரும்பி வந்தது என்பதையெல்லாம் ஸ்டாம்பையும் முத்திரையையும் வைத்தே சொல்லிவிடுவாள். இந்த மருந்துக்கடைக்காரியின் அண்ணன் கப்பலில் சமையல்காரர். கப்பல் மூழ்கியபோது அவரும் போனார். அவர் முன்பெல்லாம் எழுதிய கவர்களை ஒரு துணிப்பையில் போட்டு இங்கே கொடுத்துவிட்டு, கடைசிப் பயணத்தில் ஏதாவது எழுதினாரா என்று தேடச் சொல்லியிருந்தாள். லென்ஸம்மா தேடினாள். கடலிலிருந்து மீட்டது ஒரே ஒரு தபால் பை. அதில் இந்த ஊருக்கு எதுவும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லி, துணிப்பையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள்.

ஒருவேளை தான்தான் கோட்டை விட்டோமோ என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த ஒரு கணம்தான். அதற்குள் கண் ஸ்டாம்புக்குப் போய்விட்டது.

"இது எப்படிக் கிடைச்சுது?"

"போன மாசம் ஸ்டாம்ப் கடைக்காரர் போன் பண்ணினார். கப்பல் பையில இருந்த கவர் ஒண்ணு கைக்கு வந்திருக்கு, மேல உங்க பேர் இருக்குன்னார். விலை கேட்டாரு, வாங்கிட்டேன். அதைப் பத்தி எனக்கு வருத்தமில்ல. உள்ள என்ன எழுதியிருந்தான்னு கண்டுபிடிக்க முடியுமா? அந்தத் துறைமுகத்துல எதுக்கு இறங்கினான், யார்கிட்டக் குடுத்துப் போட்டான்... எதுவா இருந்தாலும் சரி."

ஜன்னலோரம் ஒருவன் சுவர்க் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். லென்ஸம்மாவின் கொழுந்தன். ஊரே அவனை ரேடியோ என்று கூப்பிடும். பேச்சை நிறுத்த பொத்தான் இல்லாததால் வந்த பேர். கல்லூரியில் படிக்கும்போது அண்ணியின் வீட்டுக்கு வந்தவன், காதோரம் நரைத்த பிறகும் அங்கேயே இருக்கிறான். புதுக் கவர் ஒன்று மேஜைக்கு வந்தால், தோளுக்குப் பின்னால் வந்து மூச்சு விடுவது அவன் வழக்கம். இன்று கடிகாரத்தை விடவில்லை.

"என்னடா, சத்தத்தையே காணோம்?"

"தொண்டை கட்டியிருக்கு அண்ணி. ஒலிபரப்பு தற்காலிகமா நிறுத்தம்."

மருந்துக்கடைக்காரி சிரித்தாள். "கடைக்கு வாங்க, மாத்திரை தர்றேன்."

லென்ஸம்மா அவள் பக்கம் திரும்பினாள். "அம்மா, ஒரு விஷயம் சொல்றேன், பதறாதீங்க. கடல்ல ஊறின கவர்ல ஸ்டாம்ப் தங்காது. பின்னால இருக்கிற பசை கரைஞ்சு, ஸ்டாம்ப் உதிர்ந்து போயிடும். அசல்ல பாதி முத்திரைதான் நிக்கும். ஸ்டாம்ப் இருந்த இடம் வெறும் கட்டமா இருக்கும். இதுல ஸ்டாம்ப் புதுப்பொண்ணு மாதிரி உக்காந்திருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா இன்னிக்கு ஒரு நாள் இதை என்கிட்ட விட்டுட்டுப் போங்க."

அவள் தயங்கினாள். "சாயங்காலம் குடுத்துடுவீங்க இல்ல? தலைமாட்டுல வெச்சுத்தான் தூங்கறேன்."

அவள் போனதும் லென்ஸம்மா இரண்டாவது விஷயத்தையும் உறுதி செய்துகொண்டாள். அதை அவளிடம் சொல்ல மனசு வரவில்லை. முத்திரை மை கறைக்கு மேலே இருந்தது. முதலில் முத்திரை குத்தி, பிறகு நனைந்திருந்தால் மை கலங்கியிருக்க வேண்டும். இதில் ஒவ்வொரு எழுத்தும் செதுக்கியதுபோல் நின்றது. நனைத்து, காயவைத்து, அதற்குப் பிறகுதான் எவனோ முத்திரை குத்தியிருக்கிறான். கறையின் விளிம்பை முகர்ந்து பார்த்தாள். உப்பு வாடையே இல்லை. பாலில்லாத தேநீர்.

"வண்டியை எடு. ஸ்டாம்ப் கடைக்குப் போகணும்."

ரேடியோ துணியை மடித்தான். மடித்ததையே மறுபடி மடித்தான். "விட்டுடலாமே அண்ணி. அவங்க சந்தோஷமா இருக்காங்க. நாம போய்க் கல்லெறியணுமா?"

"செத்துப்போனவர் கையெழுத்தை எவனோ போட்டிருக்கான்டா. அதை எப்படி விடறது?"

"சரி, கிளம்புங்க. ஆனா முன்கூட்டியே சொல்லிடறேன், வண்டியில பிரேக்கும் ஹார்னும் ஒரே நிலைமையில இருக்கு. ரெண்டுக்கும் நான்தான் கத்தணும்."

வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தான். லாரிக்காரனைக் கேலி செய்தான், சிக்னலோடு சண்டை போட்டான். "அந்த ஆள் பழைய ஸ்டாம்ப் விக்கிறாரா, இல்ல அவரே பழைய ஸ்டாம்பா அண்ணி? ஒட்டின இடத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டாராமே!" கடை இருந்த தெருவுக்குள் திரும்பியதும் சட்டென்று அமைதியானான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"நிறுத்த இடமில்ல. நீங்க மேல போங்க. நான் ஒரு ஓரமாப் போட்டுட்டு வர்றேன்."

படிகள் குறுகல். இரண்டு மாடி ஏறுவதற்குள் லென்ஸம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மேலே ஒரே ஒரு அறை. சுவர் முழுக்க இழுப்பறைகள். நடுவில் கண்ணாடி மேஜை. அதன் பின்னால், சொன்னபடியே ஒட்டியதுபோல் உட்கார்ந்திருந்த கடைக்காரர். அப்போதுதான் கைபேசியைக் கீழே வைத்தார்.

"கப்பல் கவர் இருக்குன்னு கேள்விப்பட்டேன்," என்றாள் லென்ஸம்மா.

"இருந்துச்சும்மா. எடுத்து உள்ள வெச்சுட்டேன்."

"எப்ப?"

"நீங்க படியேறும்போதுன்னு வெச்சுக்கங்களேன்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "கொண்டுவந்து குடுக்கிறவர் இப்பத்தான் பேசினார். ஸ்டாம்ப் ஒட்டினதை எல்லாம் யாருக்கும் காட்டாதீங்க, கடல்ல கிடந்ததுன்னா ஸ்டாம்ப் உதிர்ந்திருக்கும், அசல்ல பாதி முத்திரைதான் நிக்கும், அடுத்த தடவை அந்த மாதிரியே கொண்டு வர்றேன்னார். விஷயம் தெரிஞ்ச மனுஷன்."

"கடலுக்கு அடியில ஆர்டர் குடுத்து வாங்கறாராக்கும்?"

கடைக்காரரின் காது சிவந்தது. அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் லென்ஸம்மாவின் காதில் ஏறவில்லை.

அசல்ல பாதி முத்திரைதான் நிக்கும். அவள் சொன்ன வார்த்தை. இன்று காலை, அவள் அறையில், அவள் வாயால் சொன்னது. கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வெள்ளைக் கோட்டோடு இந்நேரம் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றிருப்பாள்.

மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு ஒரு போன் போடுங்க."

"எதுக்கும்மா? தொழில் ரகசியம்..."

"போடுங்க."

அந்தக் குரலுக்கு அவர் போட்டார். லென்ஸம்மா ஜன்னலுக்குப் போனாள். கீழே, எதிர்ச்சாரியில், நிழலில் வண்டி நின்றது. அதன்மேல் சாய்ந்து ரேடியோ. கடைக்காரரின் கைபேசியில் மணி போய்க்கொண்டிருந்தது. கீழே ரேடியோ சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தான். எந்த அழைப்பையும் முதல் மணியிலேயே எடுத்து, "வணக்கம், நிலையத்திலிருந்து பேசுகிறோம்" என்று ஆரம்பிக்கிறவன். எடுக்கவில்லை. மணி அடித்து முடியும்வரை கையிலேயே வைத்திருந்தான். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி மாடி ஜன்னலைப் பார்த்தான்.

அவள் இறங்கி வரும்போது அவன் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். அவனாகவே பேசினான்.

"முதல்ல பையைக் குடுக்க வந்த அன்னிக்கு அவங்களை வீட்ல விடப் போனேன் இல்ல அண்ணி? வழியெல்லாம் அழுகை. 'ஒரு கவர், வெறும் கவர் போதும், மறக்கலைன்னு தெரிஞ்சா போதும்'னு சொல்லிட்டே வந்தாங்க. அவங்க அண்ணன் எழுதின கவரெல்லாம் நம்ம அலமாரியிலதான் இருந்துச்சு. பார்த்து எழுதிப் பார்த்தேன். வந்துடுச்சு."

"முத்திரை?"

"உங்க ஆல்பத்துல இருந்த படத்தை வெச்சு, ரப்பர் ஸ்டாம்ப் கடையில குடுத்துச் செஞ்சேன். நாடகத்துக்குன்னு சொன்னேன்."

"இரக்கத்துல செஞ்சவன் சும்மா குடுத்திருக்கலாமே? கடைக்காரர் வழியா எதுக்கு வித்தே?"

"சும்மா குடுத்தா சந்தேகம் வரும்னு நினைச்சேன். அப்புறம் அவர், இன்னும் இருக்கான்னு கேட்டார். ஒருத்தர் வாங்கினதைப் பார்த்து இன்னொருத்தர் கேக்கறாங்கன்னார்." ஹெல்மெட்டின் வாரைத் திருகினான். "முதல் கவர் வரைக்கும் இரக்கம்தான் அண்ணி. அதுக்கப்புறம் இரக்கம் தீர்ந்துபோச்சு. கை மட்டும் நிக்கல."

லென்ஸம்மாவுக்கு அவனை அறையத் தோன்றியது. கை எழவில்லை. ஊரார் தங்கள் வீட்டுச் சாவையும் பிரிவையும் துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைப்பார்கள். ரசீதுகூடக் கேட்க மாட்டார்கள். அந்த அலமாரியின் சாவியை அவனிடம் கொடுத்தது அவள்தான்.

"மருந்துக்கடைக்கு ஓட்டு. நீயே சொல்லு."

"அண்ணி, அவங்க தாங்க மாட்டாங்க."

"ஓட்டுடா."

இந்த முறை அவன் யாரையும் பார்த்துக் கத்தவில்லை.

கடையில் ஒரு பெரியவர் இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரி அவருக்கு எப்படிக் குடிக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் மலர்ச்சி. "அதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டீங்களா?"

ரேடியோ சொன்னான். சுற்றி வளைக்காமல் சொன்னான். அந்த ஒரு மரியாதையை மட்டும் செய்தான். சொல்லி முடிக்கும்வரை அவள் கவுண்டர்மேல் கிடந்த ஒரு வெற்று மாத்திரை அட்டையை விரலால் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒரு தாளையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"எழுது."

"அம்மா..."

"என் பேரை எழுது. எங்கண்ணன் எழுதற மாதிரி. நீ எப்படி எழுதினேன்னு நான் பார்க்கணும்."

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் பேனாவை எடுத்தான். எழுதுவதற்கு முன் கை ஒரு கணம் காற்றில் நின்றது, தோள் லேசாகச் சாய்ந்தது, பிடி மாறியது. வேறு ஒரு ஆள் வந்து அவன் சட்டைக்குள் உட்கார்ந்ததுபோல் இருந்தது. திக்கவில்லை, திருத்தவில்லை. ஒரே ஓட்டத்தில் பேரும் முகவரியும் வந்து விழுந்தன.

மருந்துக்கடைக்காரி தாளைத் தூக்கிப் பார்த்தாள். "கடைசி எழுத்தைக் கீழ இழுத்துவிடுவான். நீயும் இழுத்திருக்கே." குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் லென்ஸம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "என்கிட்ட இருக்கே, பழைய கவர் ஒரு பை. அது உங்க அலமாரியில இருந்துட்டுத் திரும்பி வந்தது. அதுல எது எங்கண்ணன் எழுதினது, எது இவன் எழுதினது?"

"எல்லாம் அசல்மா," என்றாள் லென்ஸம்மா அவசரமாக. "ஒவ்வொண்ணா நானே பார்த்துச் சொல்றேன்."

"நீங்க சொன்னா?"

அவ்வளவுதான் கேட்டாள். அடுத்த வாடிக்கையாளர் உள்ளே வந்தார். அவள் அவரிடம் திரும்பி, "சொல்லுங்க சார்," என்றாள்.

வெளியே வந்து வண்டியருகே நின்றபோதும் லென்ஸம்மாவின் கண்ணில் அந்தக் கைதான் இருந்தது. காற்றில் நின்ற கை. சாய்ந்த தோள். ஒரு மழைக்காலத்தில் பழகிக்கொண்ட கை இல்லை அது.

"எப்ப கத்துக்கிட்டே இதை?"

"பள்ளிக்கூடத்துல. ரேங்க் கார்டுல அண்ணன் கையெழுத்தை நானே போட்டுக்குவேன். உங்களுக்குத்தான் தெரியுமே, எல்லாப் பாடத்திலயும் நான் தாராளமா வாங்குவேன், முட்டையை." சிரிக்கப் பார்த்தான்.

அவளுக்கும் பாதிச் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றது.

அவள் கணவன் தூரத்தில் அணை கட்டுமிடத்துக்குக் கிரேன் ஓட்டப் போனவன். கூட வர மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். கிளம்பிய காலையில் பெரிய சண்டை. முகத்தைப் பார்க்காமலே போனான். அங்கே காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள முதலில் போனது இந்தத் தம்பி. அவள் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆன பிறகு, தபாலில் ஒரு கடிதம் வந்தது. கணவன் கையெழுத்தில்.

"உங்கண்ணன் எனக்குக் கடைசியா எழுதினது," என்றாள். தன் குரல் தனக்கே எங்கோ கேட்டது. "அது யாரு எழுதினது?"

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"அண்ணனால கை தூக்க முடியல, அண்ணி. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வேற கையெழுத்தைப் பார்த்தா நீங்க பயந்துடுவீங்கன்னு, அவர் மாதிரியே..."

"அதுல எது அவர் சொன்னது? எது நீ சேர்த்தது?"

"தம்பியைக் கைவிட்டுடாதேன்னு ஒரு வரி இருக்கே." தலை குனிந்தது. "அது நான். எனக்கு அப்ப போக்கிடம் இல்ல அண்ணி."

அந்த ஒரு வரிக்காக அவள் அவனைப் படிக்க வைத்தாள். அந்த ஒரு வரிக்காக, அவள் பிறந்த வீட்டார் எல்லாரும் வேண்டாம் என்றபோதும் வீட்டில் வைத்துக்கொண்டாள். அது அவளுக்கு இப்போது பெரிதாகத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் வரி இல்லாமலே செய்திருப்பாள். அவளுக்கு வேண்டியது இன்னொரு வரி. கேட்க நாக்கு எழவில்லை. சாவிக்காகக் கையை நீட்டினாள். அவன் அலமாரிச் சாவியை எடுத்து வைத்தான்.

"வித்த கவர் ஒவ்வொண்ணையும் தேடிப் பிடி. வாங்கினவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லு. அது முடியற வரைக்கும் என் படியேறாதே."

ஆட்டோ பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பீரோவின் உள்ளறையிலிருந்து அந்தக் கடிதத்தைக் கவரோடு எடுத்து, மேஜை விளக்குக்கு அடியில் வைத்தாள். ஊரார் கவரையெல்லாம் வருஷக்கணக்காகக் குடைந்தவள், இதன்மேல் ஒருநாளும் லென்ஸை வைத்ததில்லை. வைத்தாள். ஸ்டாம்ப் அந்தக் காலத்தது. ஆஸ்பத்திரி இருந்த ஊரின் முத்திரை, மை காகிதத்துக்குள் இறங்கி மங்கியிருந்தது. தேதி சரி. பின்பக்கம், கடிதம் வந்து சேர்ந்ததும் இந்த ஊர்த் தபால் நிலையம் குத்திய முத்திரை. அதுவும் சரி. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால், அசல் என்று நின்ற நிலையிலேயே எழுதிக் கொடுத்திருப்பாள்.

உள்ளே இருந்த தாளைப் பிரித்தாள். மனப்பாடமான வரி நடுவில் இருந்தது. *உன் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.* லென்ஸை அதன்மேல் வைத்து, எழுத்து எழுத்தாக, கண்ணில் நீர் கட்டி மறைக்கும்வரை பார்த்தாள். லென்ஸ் மையைக் காட்டியது, தாளின் நாரைக் காட்டியது. சொன்னது யார் என்று காட்டவில்லை.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். அவன் படியேறவில்லை. வாசல் கேட்டுக்கு அப்பாலிருந்தே குரல் வந்தது.

"அண்ணி! நீங்க கேக்காம விட்டீங்களே, அந்த வருத்தம் இல்லைங்கற வரி. அது அண்ணன் சொன்னதுதான். சத்தியமா."

அவள் லென்ஸைப் பிடித்தபடி காத்திருந்தாள். வழக்கம்போல் ஒரு கேலியோ, ஒரு இளிப்போ பின்னால் வரும் என்று நினைத்தாள். அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பாள். ஆனால் கேலி வரவில்லை. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.